பொதுப்பணமும் கலைச் சுதந்திரமும்

கலைஞனுக்கும் அரசுக்கும் உள்ள உறவு பற்றிய விவாதங்களிலே வினாவொன்று மீண்டும் மீண்டும் எழுவதைக் காண்கிறோம். சர்ச்சைக்குரிய பொருளைக் கொண்ட திரைப்படமொன்றுக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவி வழங்க அரசு மறுக்குமாயின், அம்மறுப்பைத் தணிக்கை எனக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்பர் ஒரு சாரார். ஒருபோதும் கொள்ளலாகாது என்பர் மறு சாரார். இரு சாராரும் தத்தம் கட்சியை எளிதில் நிறுவிவிட்டதாக எண்ணிக்கொள்கின்றனர். வினாவோ அத்துணை எளிதன்று.

தணிக்கையன்று என்போரின் வாதத்தை முதலில் அதன் முழு வலிமையோடும் எடுத்துக்கொள்வோம். தடுத்தல் வேறு, கொடாமை வேறு என்பதே அவர்தம் அடிப்படை. மேடையிற் பேசுபவனின் வாயைப் பொத்துவது தடுத்தல். அவனுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுக்க மறுப்பது கொடாமை. முன்னது குற்றம், பின்னது குற்றமாகாது. அரசிடம் உள்ள பணம் அளவானது, கேட்போரோ பலர். பத்துப் பேர் கேட்குமிடத்து இருவருக்குக் கொடுத்தால் எண்மருக்குக் கொடாமை நேர்ந்தே தீரும். அந்த எண்மரும் தணிக்கைக்கு ஆளானோர் எனின், தணிக்கை என்னும் சொல்லுக்கே பொருளில்லாது போய்விடும். மேலும், வைத்தியசாலையில் மருந்தில்லை, பாடசாலைக்குக் கூரையில்லை என முறையிடும் ஏழை மகனிடம், அவனுக்குப் பிடியாத படமொன்றுக்கு அவன் பணத்தை ஏன் செலவிட்டோம் என்பதற்கு அரசு விடை கூறியாக வேண்டுமன்றோ?

இவ்வாதத்தை முதலாளித்துவத்தின் சூழ்ச்சி என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. முற்போக்கு எண்ணமுடையோர் சிலர் அவ்வாறு செய்வதையும் கண்டிருக்கிறோம். ஆயின், ஒரு வாதத்தை அதனைக் கூறுவோரின் வர்க்கத்தைச் சுட்டிக்காட்டி மறுத்துவிட முடியாது. உண்மையில் நிகழ்ந்தவற்றோடு பொருத்திப் பார்த்தே அதனை அளத்தல் வேண்டும்.

கனடாவில் 2007, 2008 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த விவகாரம் இதற்கு நன்கு உதவுகின்றது. அந்நாட்டின் திரையரங்குகளில், சிறப்பாக ஆங்கிலம் வழங்கும் மாகாணங்களில், ஹொலிவூட்டின் ஆதிக்கமே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. தம் வாழ்வைத் தம் திரையிலே மக்கள் காண வழிசெய்யும் பொருட்டு அரசு பல முறைகளில் உதவி வழங்கிற்று. 1939 இல் தேசியத் திரைப்படச் சபை தோன்றியது. 1967 இல் திரைப்பட அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1995 இல் வரிச்சலுகைத் திட்டமொன்று வந்தது. கனடியர் தயாரிக்கும் படத்தில், தகுதிபெற்ற ஊதியச் செலவின் 25 வீதத்தைத் தயாரிப்பாளர் சலுகையாகப் பெறுவதற்கு இத்திட்டம் வழிவகுத்தது. இன்ன கருத்தைக் கூறும் படத்துக்கே சலுகை என்றில்லை. கனடியரால் ஆக்கப்பட்டமை முதலிய புறத்தகுதிகளை நிறைவு செய்யும் படங்களுக்கெல்லாம் அது பொதுவாக உரியதாயிருந்தது. ஆபாசப் படங்கள் போன்ற சில வகைகள் மட்டும் முன்னரே பெயர்குறித்து விலக்கப்பட்டிருந்தன.

2007 ஒற்றோபரில், வருமான வரிச் சட்டத்துக்கான திருத்த மசோதா ஒன்றை அந்நாட்டின் மக்கள் சபை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. சீ-10 என்னும் இலக்கம் பெற்ற அம்மசோதா பல நூறு பக்கங்கள் கொண்டது. வெளிநாட்டு முதலீடுகள் போன்றவற்றின் வரி பற்றியதே அதன் பெரும்பகுதி. அப்பக்கங்களினிடையே சிறு வாசகமொன்று கிடந்தது. ஒரு படத்துக்குப் பொதுப்பணத்தால் உதவுவது பொதுக் கொள்கைக்கு முரணானது என அமைச்சர் கருதுவாராயின், சலுகைக்குரிய சான்றிதழை மறுக்கலாம் என்பதே அதன் சாரம். எதிர்க்கட்சியினரும் இதனைக் கவனித்திலர். மசோதா செனற் சபைக்குச் சென்றபின், 2008 பெப்ரவரி இறுதியில், பத்திரிகைச் செய்தி வாயிலாகவே விடயம் வெளிப்பட்டது. கிறித்தவ வலதுசாரிப் பிரசாரகரொருவர் இது தமது முயற்சியின் வெற்றியெனப் பகிரங்கமாக உரிமை கொண்டாடினார். முதல் வரைவு முந்திய லிபரல் ஆட்சிக்குரியது என ஆளும் கொன்சவேற்றிவ் கட்சியினர் எடுத்துக்காட்டினர். இது தணிக்கையன்று, வரிமுறையின் நேர்மையைக் காப்பது என்பதே அரசுத் தரப்பின் மறுமொழியாக இருந்தது. படமெடுப்பதை எவரும் தடுக்கவில்லையே என்பது அதன் உட்கிடை.

இம்மறுமொழியைச் சோதிப்பதற்குப் படத் தொழிலின் பொருளாதாரத்தை நோக்க வேண்டும். படமெடுக்கப் பணம் முதலில் வேண்டும். சலுகையோ படம் முடிந்த பின்னரே கைக்கு வரும். ஆதலின் வரவிருக்கும் சலுகையை ஈடாகக் காட்டி, தயாரிப்பாளர் வங்கியிற் கடன் பெறுகிறார். முடிந்த படத்தைப் பார்த்து அமைச்சர் சான்றிதழை மறுக்கலாம் எனின், எந்த வங்கி கடன் கொடுக்கும்? வங்கியாளர் கலை விமரிசகரல்லர். ஐயத்துக்கிடமான கதையெனத் தோன்றினாற் போதும், பணப்பெட்டியை மூடிவிடுவார். இந்நிலையில் அமைச்சர் ஒரு படத்தையேனும் மறுக்க வேண்டியதில்லை. மறுக்கக்கூடும் என்ற அச்சமே வேலையைச் செய்துவிடும். பொதுக் கொள்கை யாது என்பது வரையறுக்கப்படாமையால் அவ்வச்சத்துக்கும் எல்லையில்லாது போயிற்று. கனடாவுக்கு வந்து படமெடுக்கும் அந்நிய நிறுவனங்களுக்குரிய வேறொரு வரிச்சலுகைக்கோ இந்நிபந்தனை விதிக்கப்படவில்லை. அந்நிய மூலதனம் அந்நாட்டு மண்ணில் எதனையும் எடுக்கலாம். அந்நாட்டுக் கலைஞன் மட்டும் அமைச்சரின் முகக்குறிப்பறிந்து நடக்க வேண்டும்!

நடிகையும் நெறியாளருமான சேரா பொல்லி முதலியோர் 2008 ஏப்பிரலில் செனற் குழுவின்முன் தோன்றி ஆட்சேபித்தனர். ஓராண்டு பொறுத்து, தொழிற்றுறையினரோடு கலந்து வழிகாட்டு நெறிகளை வகுப்பதாக அமைச்சர் கூறிப் பார்த்தார். எதிர்ப்புத் தணியவில்லை. செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட, மசோதாவும் அதனோடு மாய்ந்தது. ஒற்றோபரில், தேர்தற் பிரசாரத்தின்போது, அவ்வாசகத்தைக் கைவிடுவதாகப் பிரதமர் ஸ்ரீவன் ஹாப்பர் அறிவித்தார்.

இவ்விவகாரத்திலிருந்து நாம் பெறும் முதற் பாடம், கொடாமைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல என்பது. பாடசாலையொன்றிற் குறித்த புள்ளி பெற்ற மாணவர்க்கெல்லாம் உபகாரச் சம்பளம் உண்டு எனக் கொள்வோம். புள்ளி பெறாதவனுக்கு அது கிடையாதாயின் அவனுக்கு அநீதி இழைக்கப்பட்டதாகாது. புள்ளி பெற்ற ஒருவனுக்கு, அவன் தன் கட்டுரையில் அதிபரைக் குறைகூறினான் என்பதற்காக அது மறுக்கப்படுமாயின், அது வெறுங் கொடாமையன்று, தண்டனை. அம்மாணவனின் வாயை எவரும் பொத்தவில்லை என்பது உண்மையே. ஆயினும் அடுத்த ஆண்டு அப்பாடசாலையில் எவ்வகைக் கட்டுரைகள் எழுதப்படும் என்பதை நாம் அறிவோம். தெரிவு என்பது தகுதியை நோக்கியது. தண்டனை கருத்தை நோக்கியது. கருத்துக்காக விதிக்கப்படும் தண்டனைக்குத் தணிக்கை என்பதன்றி வேறு பெயரில்லை.

இனி, வரியிறுப்போனின் உரிமை பற்றிய வாதத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை சென்றது. 1965 இல் நிறுவப்பட்ட தேசியக் கலை நிதியம் உதவிய புகைப்படங்கள் சில 1989 இற் பெருஞ் சர்ச்சையைக் கிளப்பின. அதன் பயனாக, உதவி வழங்கும்போது பொதுவான கண்ணியத்தையும் மக்களின் பல்வேறு நம்பிக்கைகளையும் கருத்திற் கொள்ளவேண்டும் என 1990 இற் சட்டம் செய்யப்பட்டது. கலைஞர் நால்வர் வழக்குத் தொடுத்தனர். 1998 இல் உயர் நீதிமன்றம், ஒருவர் நீங்கலாக எண்மரின் முடிவால், சட்டம் செல்லுமெனத் தீர்த்தது. கலைஞர் முன்போலவே எதனையும் ஆக்கலாம், அதற்குப் பணம் கொடுப்பதே மறுக்கப்படுகின்றது என நீதியரசர் ஸ்காலியா தனியே எழுதினார். மாறாகத் தீர்ப்பெழுதிய சூற்றர், இது கருத்தின் அடிப்படையிற் காட்டப்படும் பாகுபாடே என்றார். பெரும்பான்மைத் தீர்ப்பும், வெறுக்கப்படும் கருத்துகளைத் தண்டிக்க இந்நிபந்தனை பயன்படுமாயின் அது வேறு வழக்காகும் என ஒரு வாசலைத் திறந்தே வைத்தது.

'என் பணத்தில் என்னை நோகச் செய்யும் படமா?' எனக் கேட்பவனை நாம் எள்ளி நகையாடலாகாது. ஆயின், அப்பணம் அவனுடையது மட்டுமன்று. எம் நாட்டில் வரி வருமானத்தின் பெரும்பகுதி பொருள்கள் மீது விதிக்கப்படும் மறைமுக வரிகளாலேயே கிடைக்கின்றது. கடையிற் சாமான் வாங்கும் தோட்டத் தொழிலாளியும் மீனவனும் விதவைத் தாயும் வரியிறுப்போரே. அவர்தம் வாழ்வைக் கூறும் படம் வேறு சிலரை நோகச் செய்யலாம். எவரும் நோகாத கலைக்கே பொதுப்பணம் என விதிப்போமாயின், நடைமுறையில் அது பலமுள்ளோர் நோகாத கலைக்கே பொதுப்பணம் என முடியும். பலமற்றோரின் நோவை எவர் கணக்கெடுப்பர்? அந்நிலையிற் சிறுபான்மையோரும் ஒடுக்கப்பட்டோரும் தம்மைப் பற்றிய மௌனத்துக்குத் தாமே வரி கட்டுவோராவர்.

பழந்தமிழ்ச் சமூகத்திலும் புலவர் புரவலரை அண்டியே வாழ்ந்தனர் என்று கூறி, கொடுப்பவன் விருப்பப்படி பாடுவதே மரபென வாதிப்பாரும் உளர். புறநானூற்றை அவர்கள் முழுமையாக நோக்கவில்லை என்போம். தன்னைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். மலையமானின் பிள்ளைகளைச் சோழன் யானைக்கு இடச் செய்தபோது, கோவூர்கிழார் அவன் முன்னின்று அதனைத் தடுக்கப் பாடினார். பரிசில் பெறுதல் ஊமையாவதற்கு உடன்பாடு என்று அவர்கள் கருதவில்லை. அது மட்டுமன்று. பரிசிலை மறுத்தபின்னும் பெருஞ்சித்திரனாரின் பாட்டு எஞ்சி நின்றது. பாட்டுக்கு வேண்டியவை நாவும் ஓலையுமே. திரைப்படமோ மூலதனமின்றிப் பிறவாத கலை. கருவிகள் இக்காலத்தில் மலிந்துள்ளன என்பது மெய்யாயினும், நடிகர்க்கும் தொழிலாளர்க்கும் ஊதியம் வேண்டும். படத்தை மக்களிடம் கொண்டுசெல்ல அரங்குகள் வேண்டும். ஆதலாற் பாட்டுக்குப் பணம் கொடாமையும் படத்துக்குப் பணம் கொடாமையும் ஒன்றாகா. தடைசெய்யப்பட்ட படத்துக்கு ஒரு பெயராவது உண்டு. அதனை விடுவிக்கப் போராடலாம். பணம் மறுக்கப்பட்டுப் பிறவாதொழிந்த படத்துக்கு எவர் போராடுவார்?

இவ்விடத்தில் எம் தரப்பாரின் பிழையொன்றையும் ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். தனியார் மூலதனத்தை நீக்கி அரசே படத் தொழிலை ஏற்றுக்கொண்டாற் கலைஞன் விடுதலை பெறுவான் எனப் பலர் நம்பினோம். சோவியத் நாட்டில் அலெக்சாந்தர் அஸ்கோல்தோவ் 1967 இல் எடுத்து முடித்த 'கொமிசார்' என்னும் படம் இருபது ஆண்டுகள் பெட்டியிற் கிடந்தது; அதன் நெறியாளருக்கு மற்றொரு கதைப்படம் எடுக்கும் வாய்ப்பே கிட்டவில்லை. அரசு ஒன்றே பணம் கொடுப்பதாயிருக்குமிடத்து அதன் கொடாமை முழுமையான தடையாகிவிடுகின்றது. முதலாளித்துவக் கனடாவின் அரசுச் சபையும் இதிற் பின்னிற்கவில்லை. கியூபெக் மாகாணத்துத் துணியாலைத் தொழிலாளர் பற்றி டெனி ஆர்க்கான் 1970 இல் ஆக்கிய விவரணப் படத்தைத் தேசியத் திரைப்படச் சபையே தயாரித்தது. பின்பு அச்சபையே அதனை 1976 வரை வெளியிடாது தடுத்து வைத்தது. தொழிலாளரின் பணமும் அடங்கிய பொதுப்பணத்தில் உருவான படம், தொழிலாளர் கண்ணிற் படலாகாது என அடைக்கப்பட்டது. களவாகப் பிரதிசெய்யப்பட்ட ஒளிநாடாக்கள் வாயிலாகவே அக்காலத்தில் அது உலவியது.

எனவே, மறுப்பொன்று தெரிவா தணிக்கையா என அறிவதற்குச் சில வினாக்களை நாம் கேட்க வேண்டும். அளவுகோல் முன்னரே எழுதப்பட்டு எல்லோர்க்கும் அறிவிக்கப்பட்டதா, அன்றிப் படத்தைக் கண்ட பின்னர் வகுக்கப்பட்டதா? தீர்ப்பவர் துறையறிந்தோர் குழுவினரா, அன்றிப் படத்தாற் குறைகூறப்படக்கூடிய ஆட்சியாளர் தாமா? காரணம் எழுத்திற் தரப்படுமா, மேன்முறையீட்டுக்கு இடமுண்டா? யாவற்றினும் முக்கியமாக, இதே தரமுடைய, ஆயின் எதிர்க் கருத்தைக் கூறும் படமொன்று வந்திருந்தால் அதற்கும் பணம் மறுக்கப்பட்டிருக்குமா? மறுக்கப்பட்டிருக்கும் எனின் அது தெரிவு. நாம் அதனைப் பிழையான தெரிவெனக் கண்டிக்கலாமேயன்றித் தணிக்கையெனல் தகாது. மறுக்கப்பட்டிராது எனின், எவ்வளவு இனிய சொற்களால் மூடினும் அது தணிக்கையே.

இனவெறியைப் பரப்பும் படத்துக்கும் பணம் கொடுக்கச் சொல்வீர்களா என்னும் கேள்வி உடனே எழும். அஞ்சாது விடை கூறவேண்டிய கேள்வி இது. வன்செயலைத் தூண்டுதல் பொதுச் சட்டத்தாற் குற்றமாகும். அதனைத் தீர்ப்பது நீதிமன்றம். குற்றத்துக்குப் பொதுப்பணம் கேட்க எவருக்கும் உரிமையில்லை. ஆயின் தூண்டுதலாகாது, எமக்கு வெறுப்பூட்டும் கருத்தை மட்டுமே கூறும் படத்தை, மற்றப் படங்களை அளக்கும் அதே கோலாலேயே அளக்க வேண்டும். இது எமக்குக் கசப்பானதுதான். எமக்கு உவப்பான ஆட்சி எமக்கு உவப்பற்ற கலைஞனைப் பட்டினி போடும்போது வாளாவிருப்போமாயின், அடுத்த ஆட்சியில் எம் கலைஞர்க்காக வாதாடும் தகுதியை இழந்துவிடுவோம்.

இவ்வினா எமக்குத் தொலைநாட்டு வினாவன்று. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 1972 இல் இயங்கத் தொடங்கிய எம் நாட்டு அரச திரைப்படக் கூட்டுத்தாபனம், பின்னர் தேசியத் திரைப்படக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்று, பட விநியோகத்தை நெடுங்காலம் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. பிரசன்ன விதானகே 1997 இல் ஆக்கிய 'புரஹந்த களுவர' என்னும் சிங்களப் படத்தைத் தணிக்கைச் சபை அனுமதித்தது. சட்டத்தின் கண்ணிலே தடை எதுவும் இல்லை. ஆயின் 2000 ஆம் ஆண்டில், போர் நிலைமையைக் காரணங்காட்டி, பொறுப்பான அமைச்சரின் பணிப்பின் பேரில் அதன் வெளியீடு நிறுத்தப்பட்டது. விநியோகம் ஓரிடத்திலேயே குவிந்திருந்தமையால், 'காட்டமாட்டோம்' என்ற ஒரு சொல் தடையுத்தரவின் வேலையைச் செய்தது. நெறியாளர் நீதிமன்றம் சென்றார். கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் மீறப்பட்டதென 2001 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதன்பின்னரே படம் மக்களை அடைந்தது. தணிக்கைச் சபையின் முத்திரை இல்லாமலே தணிக்கை நிகழக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்படத்தின் கதையையும் ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். வரண்ட பிரதேசத்துக் கிராமமொன்றில் வாழும் கண்பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி. ஜோ அபேவிக்கிரம அப்பாத்திரத்தை ஏற்று நடித்தார். போருக்குச் சென்ற மகனின் உடலென முத்திரையிட்ட பெட்டியொன்று வீட்டுக்கு வருகின்றது. மகன் இறந்தான் என்பதை அவர் நம்பவில்லை. அரசு தரும் நட்டஈட்டுக்கான பத்திரத்திற் கையொப்பமிடுமாறு ஊராரும் உறவினரும் வற்புறுத்துகின்றனர். குடும்பமோ வறுமையில் வாடுகின்றது. ஆயினும் அவர் ஒப்பமிட மறுக்கிறார். ஈற்றிற் புதைகுழியைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கின்றனர். உள்ளே கிடப்பவை வாழைத்தண்டும் கற்களும்.

பொதுப்பணமும் சுதந்திரமும் பற்றிய வினா முழுவதும் அக்கிழவரின் கையொப்பத்தில் அடங்கியுள்ளது எனலாம். பணம் பொதுமக்களுடையது, கொடுப்பது அரசின் கடமை. ஆயின் பெட்டியைத் திறவாதிருத்தல் அதற்கு விலையாகக் கேட்கப்படுகின்றது. வன்னிஹாமிக்கு மறுக்க முடிந்தது. இழப்பதற்கு அவரிடம் அதிகம் இருக்கவில்லை. எல்லாக் கலைஞரும் அவ்வாறு மறுத்துப் பட்டினி கிடக்க வேண்டுமென எதிர்பார்ப்பது சமூகத்தின் நீதியாகாது. பணத்தையும் மௌனத்தையும் ஒன்றாக முடிந்த முடிச்சை அவிழ்ப்பது பொதுப்பணத்துக்கு உரியோராகிய எம் அனைவரின் பொறுப்பாகும். அடுத்த முறை ஒரு படத்துக்கோ நாடகத்துக்கோ பணமும் மண்டபமும் மறுக்கப்பட்ட செய்தி எம் காதுக்கு எட்டும்போது, ஆசிரியரும் மாணவரும் எழுத்திற் காரணம் கேட்பார்களாக. காரணம் சொல்லப்படாத மறுப்பை வெறுங் கொடாமையென ஏற்றுக்கொள்ளும் கடமை எமக்கில்லை.